மின்சாரக் கார் சார்ஜர் தொழிலுக்கு இணையத்தளம்: விலையைச் சொல்லும் முன் வீட்டைக் கேளுங்கள்

"அண்ணே, வீட்டுல இ.வி. சார்ஜர் போடணும். எவ்வளவு ஆகும்?"

வயரிங் தொழில் செய்யும் நம்மவர்களுக்குப் புலனம் வழியாக இப்படிப்பட்ட கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. கேள்வி ஒரு வரிதான். பதிலை ஒரு வரியில் சொல்ல முடியாது. வீடு தரைவீடா, அடுக்குமாடியா? மின்சாரம் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? டிபி பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் எத்தனை மீட்டர்? இவை தெரியாமல் சொல்லும் எந்த விலையும் பிறகு சண்டையில்தான் முடியும்.

வயர்மேன் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேதி குறித்துவிடுவார். அந்த நிறுவனம் வேலையைச் செய்ய அதே வயர்மேனைத் துணைக்குத்தகைக்கு அழைக்கவும் கூடும். வேலை அவருடையது, வாடிக்கையாளர் அவருடையவர் அல்ல. நல்ல இணையத்தளம் ஒன்று இருந்தால் இந்த நிலையை மாற்றலாம். அதை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது?

2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 விற்பனைக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டு பெரோடுவாவும் தனது முதல் மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியது. உள்நாட்டில் பொருத்தப்படும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2027 இறுதி வரை உண்டு. மின்சாரக் கார் வசதி படைத்தவர்களின் பொருள் என்ற நிலை மாறி, தாமான் வீடுகளின் வாசலுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது.

சார்ஜர் வாங்கவும் பொருத்தவும் வாடகைக்கு எடுக்கவும் ஆகும் செலவில் 2,500 ரிங்கிட் வரை தனிநபர் வருமான வரி நிவாரணம் கோரலாம். இச்சலுகை 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு. சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கே இது பொருந்தும். ரசீது வரி செலுத்துபவரின் பெயரில் இருக்க வேண்டும். பெயர் சரியாக எழுதப்பட்ட ரசீதைத் தானாக அனுப்பும் இணையத்தளம் வாடிக்கையாளருக்குப் பெரிய உதவி. கையெழுத்து ரசீதில் நடக்கும் தவறுகள் இதில் குறையும்.

முதலில் எதை விற்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"மின்னூட்டல் சேவை" என்ற ஒரே பெயருக்குள் நான்கு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று, சார்ஜர் பெட்டியை விற்பது. இரண்டு, வீட்டிலோ கடையிலோ அதைப் பொருத்திக் கொடுப்பது. மூன்று, பொது இடத்தில் சார்ஜர் வைத்து, வருபவர்களுக்கு மின்சாரத்தைக் கட்டணத்துக்கு விற்பது. நான்கு, பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்.

மூன்றாவது வகைக்கு எரிசக்தி ஆணையத்தின் உரிமம் வேண்டும். எந்த சார்ஜர் காலியாக இருக்கிறது, எது பழுது, யார் எவ்வளவு ஏற்றினார் என்பதை நொடிக்கு நொடி காட்டும் செயலியும் தேவை. ஓ.சி.பி.பி. என்ற பொது மொழி வழியாக சார்ஜர்கள் மையக் கணினியோடு பேச வேண்டும். ஜென்தாரி, சார்ஜ்இவி, தெனாகாவின் எலக்ட்ரோன் போன்ற பெரிய பெயர்கள் இருக்கும் களம் அது.

சிறு குத்தகையாளர் தொடங்க வேண்டிய இடம் இரண்டாவதும் நான்காவதும்தான். பெட்டி விற்பனையை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்த முடிவு இணையத்தளத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். வெறும் பெட்டி விற்பவருக்குக் கடை போதும். பொருத்திக் கொடுப்பவருக்குக் கடையோடு ஒரு விசாரணை மேசையும் வேண்டும்.

முகப்பில் "வாங்குங்கள்" வேண்டாம்

இணையக் கடைகளுக்கான ஆயத்த மென்பொருள்கள் நிறைய உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் வூகாமர்ஸ், மாதக் கட்டணத்தில் கிடைக்கும் ஷாப்பிஃபை ஆகியவை பலரும் அறிந்தவை. இவை சட்டை, காலணி, கைப்பேசி உறை போன்ற பொருள்களுக்காக உருவானவை. பொருளைக் கூடையில் போடு, பணம் கட்டு, தபாலில் அனுப்பு என்பதுதான் இவற்றின் கணக்கு. சார்ஜரை இதே முறையில் விற்றால், பணம் கட்டிய பிறகுதான் வீட்டு மின்சாரம் போதாது என்று தெரியவரும்.

எனவே முகப்பில் இருக்க வேண்டிய பெரிய பொத்தான் "என் வீட்டுக்கு ஒத்துவருமா?" என்பதே. அதை அழுத்தியதும் ஆறு கேள்விகள் வர வேண்டும்.

முதல் கேள்வி, அஞ்சல் குறியீடு. கிள்ளானில் இருப்பவர் தாப்பாவுக்குப் போய் வேலை செய்வாரா என்பது இங்கேயே தெரிந்துவிட வேண்டும். போக முடியாத ஊர் என்றால் அதை உடனே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, எப்படிப்பட்ட வீடு? சொந்தத் தரைவீடு என்றால் முடிவு எளிது. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அடுக்குமாடி, மலிவுவிலை அடுக்ககம் என்றால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கார் நிற்கும் இடம் பொதுச்சொத்தாக இருக்கலாம், மீட்டரும் தூரத்தில் இருக்கலாம். இவர்களிடம் பணம் வாங்கிவிட்டுக் காக்க வைப்பது தவறு. நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு மாதிரிக் கடிதத்தைத் தளத்தில் இலவசமாக வைத்தால், அனுமதி கிடைத்ததும் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

மூன்றாவது, எந்தக் கார்? நம் நாட்டில் புதிதாக விற்கப்படும் பெரும்பாலான கார்கள் வீட்டு சார்ஜருக்கு டைப் 2 செருகியையே பயன்படுத்துகின்றன. ஆனால், கார் உள்ளே எடுத்துக்கொள்ளும் வேகம் மாறுபடும். 7 கிலோவாட் மட்டுமே ஏற்கும் காருக்கு 22 கிலோவாட் பெட்டி வாங்கினாலும் அது 7 கிலோவாட்டில்தான் ஏறும். கூடுதல் விலை வீண். காரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் ஏற்ற பெட்டியை மட்டும் தளம் காட்ட வேண்டும்.

நான்காவது, சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? பலருக்கு இது தெரியாது. அதனால் "தெரியவில்லை" என்ற பதிலும் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, டிபி பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை எத்தனை மீட்டர்? அடி எடுத்து நடந்து பார்த்துத் தோராயமாகச் சொன்னால் போதும். கேபிளின் நீளம் விலையைக் கூட்டும்.

ஆறாவது, மூன்று படங்கள்: திறந்த நிலையில் டிபி பெட்டி, மீட்டர், கார் நிற்கும் இடம். டிபி பெட்டியின் வெளிக்கதவை மட்டும் திறந்தால் போதும், உள்மூடியைக் கழற்றக் கூடாது என்று அங்கேயே தெளிவாக எழுதுங்கள். அனுபவமுள்ள வயர்மேனுக்கு இந்த மூன்று படங்களே பாதி வேலையை முடித்துவிடும்.

டிபி பெட்டிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு தாமான் வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கிள் ஃபேஸ், மெயின் 60 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோவாட் சார்ஜர் சுமார் 32 ஆம்ப் இழுக்கும். குளியலறையில் சுடுநீர் ஹீட்டர் சுமார் 16 ஆம்ப். இரண்டு அறைகளில் ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனங்கள் சேர்ந்து 8 ஆம்ப். இதுவே 56. அந்த நேரத்தில் யாராவது தண்ணீர் கெட்டிலைப் போட்டால் இன்னும் 8, 9 ஆம்ப் கூடும். மெயினின் அளவைத் தாண்டிவிட்டது.

கார் நிற்கும்போது இப்படிச் சில நிமிடம் மட்டும் நடப்பதில்லை. சார்ஜர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்பும் பழைய கம்பியும் சூடேற இதுவே போதும். பழைய மலிவுவிலை வீடுகளிலும், தோட்டத்து வீடுகளிலும் வயரிங் பல ஆண்டுகளுக்கு முன் விளக்கையும் மின்விசிறியையும் மனத்தில் வைத்துப் போடப்பட்டதாக இருக்கலாம். அங்கே எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் காரை ஏற்றுவது ஆபத்து. இதைத் தளத்தில் ஒளிக்காமல் எழுத வேண்டும். விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு வீடு தப்பிக்கும்.

தீர்வுகள் உண்டு. வீட்டின் மற்றப் பயன்பாடு கூடும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரைப் பொருத்தலாம். ஆம்ப் அளவைக் குறைத்து வைத்து இரவு முழுவதும் மெதுவாக ஏற்றலாம். த்ரீ ஃபேஸுக்கு மாற தெனாகாவிடம் விண்ணப்பிக்கலாம். எந்த வழியானாலும் சார்ஜருக்குத் தனி சர்க்கிட், அதற்குப் பொருத்தமான பிரேக்கர், மின்கசிவுப் பாதுகாப்பு ஆகியவை வேண்டும். டி.சி. கசிவையும் கண்டறியும் பாதுகாப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே தனியாக வாங்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் குறிப்பிடுங்கள். விலைகுறைந்த பெட்டிக்கும் விலைகூடிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பல வேளைகளில் இதில்தான் இருக்கிறது.

ஆறு கேள்விகளுக்குப் பின் தளம் தரும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: "பொருத்தலாம்", "நேரில் வந்து பார்க்க வேண்டும்", "இப்போதைக்கு இயலாது, காரணம் இது". மூன்றாவது பதிலைத் துணிந்து சொல்லும் தளத்தின் முதல் பதிலை மக்கள் நம்புவார்கள்.

விலையைப் பிரித்துக் காட்டுங்கள்

"தொடக்க விலை" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, வீட்டு வாசலில் நின்று கேபிளுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று கூட்டுவது வாடிக்கையாளரை இழக்கும் வழி. பெட்டியின் விலை, எத்தனை மீட்டர் கேபிள் வரை பொருத்தும் கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு, பிரேக்கரும் பாதுகாப்புக் கருவியும் எவ்வளவு, சுவரைத் துளைத்தால் அல்லது தரையைத் தோண்டினால் எவ்வளவு, வரி எவ்வளவு என்று வரிவரியாகக் காட்டுங்கள்.

இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள மின்வணிக விதிமுறைகள், இணையத்தில் விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், எப்போது கிடைக்கும் என்ற மதிப்பீடு ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்கின்றன. உறுதி செய்யும் முன் தவறைத் திருத்திக்கொள்ளவும் வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும்.

நேரில் பார்க்க வருவதற்குச் சிறு கட்டணம் வாங்கலாம். வேலை உறுதியானால் அதை மொத்தத் தொகையில் கழித்துவிடுங்கள். பெட்டிக்கான முன்பணத்தை நேரில் பார்த்து இறுதி விலை கொடுத்த பிறகே வாங்குங்கள். வீடு ஒத்துவராவிட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதுங்கள். எஃப்.பி.எக்ஸ். வங்கிப் பரிமாற்றமும் டுயிட்நவ் கியூ.ஆர். முறையும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். பணம் வணிகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால், மோசடிகள் நிறைந்த இக்காலத்தில் நேர்மையான தொழிலாளியும் சந்தேகத்துக்கு ஆளாவார்.

மின்கட்டணக் கணக்கியும் நேர்மையாக இருக்கட்டும்

"மாதம் எவ்வளவு மிச்சமாகும்?" என்பது எல்லோரும் கேட்பது. தளத்தில் ஒரு சிறு கணக்கி வைக்கலாம். 60 கிலோவாட் மணி பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏற்ற 36 யூனிட் வேண்டும். இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுமார் 40 யூனிட் என்று கொள்ளலாம். யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தால் 18 ரிங்கிட். 7 கிலோவாட் சார்ஜரில் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். சாதாரண மூன்று முனை பிளக்கில் 2.3 கிலோவாட் என்றால் 17 மணி நேரத்துக்கு மேல். இந்த இரண்டு நேரங்களையும் அருகருகே காட்டினாலே சார்ஜர் ஏன் தேவை என்பது புரிந்துவிடும்.

அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. வீட்டின் மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேவை வரியும் சேரும். குறைந்த பயன்பாட்டுக்குக் கிடைக்கும் கழிவும் சுருங்கும். 2025 ஜூலையில் தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில் நேரவாரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்சநேரக் கட்டணம். இரவு 10 மணிக்கு மேல் காரை ஏற்றுபவர்களுக்கு இத்திட்டம் லாபமாக இருக்கலாம். வாடிக்கையாளரின் கடைசி மாதப் பில்லில் எத்தனை யூனிட் என்று கேட்டுக் கணக்கிடும் கணக்கியே உண்மையான கணக்கி.

நம்பிக்கை தரும் பக்கம்

வீட்டு மின்சாரத்தில் கை வைக்கும் தொழில் இது. "எங்களைப் பற்றி" பக்கத்தில் அலங்காரச் சொற்கள் வேண்டாம். எஸ்.எஸ்.எம். பதிவு எண், எரிசக்தி ஆணையத்தில் குத்தகையாளராகப் பதிவு பெற்ற விவரம், வேலைக்கு வரும் வயர்மேன் சிங்கிள் ஃபேஸ் தகுதி பெற்றவரா, த்ரீ ஃபேஸ் தகுதி பெற்றவரா என்பது ஆகியவை இருக்கட்டும். தகுதியிருந்தும் இதுவரை பதிவு செய்யாமல் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்துவந்தவர்கள், தளத்துக்குச் செலவிடும் முன் அந்தப் பதிவை முடிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டிய ஜி பாரம், எச் பாரம் இரண்டும் வயர்மேன்களுக்குத் தெரிந்தவை. ஒன்று மேற்பார்வை, நிறைவுச் சான்று. மற்றொன்று சோதனைச் சான்று. இவற்றை ஸ்கேன் செய்து, ரசீதோடும் உத்தரவாதச் சீட்டோடும் சேர்த்து வாடிக்கையாளரின் கணக்கில் சேமித்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போதோ, வருமான வரி வாரியம் ரசீதைக் கேட்கும்போதோ, அவர் முதலில் உங்கள் தளத்தைத்தான் திறப்பார். பராமரிப்பு வேலையும் அவ்வழியே வரும்.

தகவல் பாதுகாப்பும் முக்கியம். வீட்டு முகவரியும் வாசலின் படமும் தவறான கைக்குப் போகக் கூடாது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடையாள அட்டை எண் தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்காதீர்கள். படங்களை எதற்காக வாங்குகிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த விவரங்கள் இல்லாத தளத்தில் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டி வேலை சரியில்லை என்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆதாரத்துக்கு, தளம் அனுப்பிய மின்னஞ்சலையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சிறிதாகத் தொடங்குங்கள்

ஐந்து பக்கங்கள் போதும்: முகப்பு, ஆறு கேள்விகள், விலை, எங்களைப் பற்றி, நிபந்தனைகள். பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அதனால் கைப்பேசித் திரைக்கு முதலில் வடிவமையுங்கள். இணைய வேகம் குறைந்த இடத்திலும் திறக்கும்படி படங்களைச் சுருக்குங்கள். மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கட்டும். பிள்ளைகள் கார் வாங்கினாலும், வீட்டு மெயினைப் பற்றித் தெரிந்தவர் பல வீடுகளில் அப்பாதான். அவர் படித்துப் புரிந்துகொண்டால் முடிவு விரைவாகும்.

தளத்தைக் கட்டியவுடன் விளம்பரத்தில் பணம் போட வேண்டாம். அறிந்த பத்து வீடுகளை அந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். தளம் சொன்னதும் வீட்டில் கண்டதும் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்தக் கேள்வியைத் திருத்துங்கள்.

நம் குடும்பங்களில் முப்பது ஆண்டு வயரிங் அனுபவமுள்ள அப்பாக்கள் இருக்கிறார்கள். கணினி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிபி பெட்டியின் படத்தைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் ஒரு தாளோடு உட்கார்ந்து அந்த ஆறு கேள்விகளைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி எழுதட்டும். இணையத்தளத்தின் கடினமான பகுதி அத்தோடு முடிந்துவிடும்.